மாநிறத் தோலுக்கும் ஒருங்கிணைந்த தோல் சிகிச்சைக்கும் எந்த உசாத்துணை நூல்களை வாங்கலாம்?

செங்காந்தள் கேட்டது:

வணக்கம். தோல் மருத்துவரும் சித்த மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் நோயாளிகளைப் பார்க்கும் சிறிய மருத்துவமனை ஒன்றுக்கு உசாத்துணை அலமாரி அமைக்க வேண்டும். இரு மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர் எல்லாரும் எடுத்துப் புரட்டுவதாக இருக்க வேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலோர் மாநிறம் அல்லது கறுப்பு. தோலை 1 முதல் 6 வரை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் கணக்கில் 4, 5. அதிகம் வருவது ஸ்டீராய்டு கிரீம் போட்டுக் கெட்டுப்போன படர்தாமரை, மங்கு (மெலாஸ்மா என்ற முகக் கருந்திட்டு), சோரியாசிஸ், குழந்தைகளின் கரப்பான், வெண்புள்ளி.

வெளிநாட்டு நூல்களில் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் இருக்கின்றன. "ஒருங்கிணைந்த" என்று தலைப்புப் போட்டு வரும் நூல்களில் சில மூலிகை எல்லாவற்றையும் புகழ்கின்றன, சில எல்லாவற்றையும் தள்ளுகின்றன. முதல் ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். எதை முதலில் வாங்குவது? வாங்குமுன் ஒரு நூலை எப்படிச் சோதிப்பது? சித்தப் பக்கத்துக்கு எதை வைப்பது?

தோலும்_நிறமும்:

வாங்குவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் நிறத்தை அளக்க உருவானதல்ல. 1975-ல் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் அதை வகுத்தது, சோரியாசிஸுக்குப் பூவா (சோரலென் மருந்தும் புற ஊதா-ஏ கதிரும் சேர்ந்த) ஒளிசிகிச்சை பெற்ற வெள்ளையர்களுக்கு எவ்வளவு புற ஊதாக் கதிர் கொடுக்கலாம் என்று முடிவு செய்வதற்காக. "வெயிலில் தோல் வெந்து சிவக்கிறதா, கறுக்கிறதா?" என்பதுதான் அதன் கேள்வி. பழுப்பும் கறுப்பும் 5, 6 என்று பிறகுதான் சேர்ந்தன. ஆகவே "வகை 5" என்று எழுதிவைத்தால், ஒரு பரு ஆறிய பின் அந்த இடம் எவ்வளவு நாள் கறுத்துக் கிடக்கும் என்பது தெரியாது. நமக்கு வேண்டியதோ அதுதான். நிறத்தையே குறிக்க வேண்டுமானால் 2022-ல் வந்த மாங்க் அளவுகோலின் 10 படிகள் இன்னும் பொருத்தம். நிறத்தை அளக்கும் கருவி இருந்தால், அதன் அளவிலிருந்து கணக்கிடும் ஐ.டி.ஏ. கோணம். ஃபிட்ஸ்பேட்ரிக் எண்ணை இனப்பெயர் போலப் பயன்படுத்தும் நூலைக் கொஞ்சம் சந்தேகத்துடன் படியுங்கள்.

முதல் பணம் ஐ.ஏ.டி.வி.எல். பாடநூலுக்கு. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கத்தின் நூல், பலானி வெளியீடு. தொழுநோய், படர்தாமரை, குங்குமம், தலைச்சாயம், பார்த்தீனியம் வழி வரும் ஒவ்வாமை, பொட்டு ஒட்டிய இடத்தில் நிறம் போவது என்று உங்கள் வெளிநோயாளர் வரிசையில் நிற்கும் நோய்கள் அதில் ஓரத்தில் ஒதுங்கியிருக்காது. கிடைக்கிற கடைசிப் பதிப்பையே வாங்குங்கள்.

இரண்டாவது, டெய்லர்–கெல்லி பெயரில் மெக்ரா–ஹில் வெளியிடும் 'டெர்மட்டாலஜி ஃபார் ஸ்கின் ஆஃப் கலர்'. முதல் பதிப்பு 2009, இரண்டாவது 2016. அழற்சிக்குப் பின் வரும் கருமை, மங்கு, புடைத்து வளரும் கீலாய்டுத் தழும்பு, மருந்திட்டுத் தோலுரிக்கும் பீல், லேசர் ஆகியவற்றுக்கு இது பயன்படும். ஆனால் அது அமெரிக்கச் சூழலில் எழுதப்பட்ட நூல். முடியைப் பற்றிய பகுதிகளில் கணிசமானவை ஆப்பிரிக்க வம்சாவளியினரின் சுருள்முடியைச் சார்ந்தவை. அவற்றை அப்படியே நம் ஊர் முடிக்குப் பொருத்த வேண்டாம்.

நான்கு தொகுதி ரூக்ஸ், இரண்டு தொகுதி பொலோன்யா இரண்டும் பெரிய நூல்கள்தான். அரிய நோய்க்கும் நோய் உண்டாகும் விதத்துக்கும் அவற்றைத் தவிர்க்க முடியாது. ஆனால் உங்கள் 20,000-ஐ அவற்றில் போட்டால் அலமாரி அதோடு முடிந்துவிடும். பக்கத்து மருத்துவக் கல்லூரி நூலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

செவிலியர்களுக்கு 'மைண்ட் த கேப்' என்ற கையேடு. லண்டன் செயின்ட் ஜார்ஜ்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே தம் ஆசிரியர்களுடன் சேர்ந்து 2020-ல் கொண்டுவந்தது, இலவசம். கறுப்பு, பழுப்புத் தோலில் குறிகள் எப்படித் தெரியும் என்பது மட்டுமே பொருள். சிகிச்சை நூல் அல்ல. அச்செடுக்கும்போது வண்ணம் சரியாக வரும் அச்சகத்தில் கொடுங்கள். சாதாரண இன்க்ஜெட்டில் ஊதா பழுப்பாகிவிடும், பிறகு அந்தப் படத்தால் பயனில்லை. டெர்ம்நெட் தளமும் இலவசம். கருநிறத் தோல் படங்களைத் தனியாகவே தொகுத்திருக்கிறார்கள்.

இனி, கடையில் நின்றபடியே ஒரு நூலைச் சோதிக்கும் முறை. சோரியாசிஸ் பக்கத்தைத் திறங்கள். "சிவந்த தடிப்பின் மேல் வெள்ளிச் செதில்" என்பதோடு நின்றுவிட்டால் அது வெள்ளைத் தோல் நூல். மாநிறத்தில் தடிப்பு ஊதாவாகவோ அடர் பழுப்பாகவோ இருக்கும், செதில் சாம்பல் நிறத்தில் தெரியும். அது எழுதப்பட்டிருக்க வேண்டும், படமும் இருக்க வேண்டும். அடுத்து அட்டோபிக் கரப்பான். மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொரிகளாக வரும் வடிவம் நம் குழந்தைகளில் சாதாரணம். சிவப்பே தெரியாமல் தடித்துக் கறுத்த தோல் மட்டும் கண்ணில் படும். சிவப்பை வைத்துத் தீவிரத்துக்கு மதிப்பெண் போடும் ஈஸி (கரப்பானுக்கு), பாஸி (சோரியாசிஸுக்கு) போன்ற முறைகள் கருநிறத்தில் நோயைக் குறைத்துக் காட்டும் என்ற எச்சரிக்கை அந்த அத்தியாயத்தில் உண்டா என்று பாருங்கள். சிவப்பு தெரியாத இடத்தில் புறங்கையால் சூட்டைத் தொட்டுப் பார், விரலால் தடிப்பை உணர், பக்கத்துத் தோலோடு ஒப்பிடு என்று நூல் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மங்கு. வெயில் காப்புக்கு எஸ்.பி.எஃப். எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அந்த அத்தியாயம் பழையது. நம் தோலில் புற ஊதா மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருமையைத் தூண்டும். அதைத் தடுப்பது இரும்பு ஆக்சைடு கலந்த நிறமேற்றிய சன்ஸ்கிரீன். கருமையை வெளுக்கவைக்கும் ஹைட்ரோகுயினோனை மாதக்கணக்கில் இடைவிடாமல் போட்டால் ஓக்ரோனோசிஸ் என்ற நீலக்கருமை வரும், அது எளிதில் போகாது என்பதும் அங்கே இருக்க வேண்டும். புற ஊதா ஒளி தரும் வுட்ஸ் விளக்கை வைத்து மங்கு மேல்தோலிலா அடித்தோலிலா என்று பிரிப்பது 5, 6 வகைத் தோலில் நம்பகமாக இராது என்ற வரியையும் தேடுங்கள்.

கடைசியாக வெளிறிய தேமல். வெளிநாட்டு நூல் குழந்தையின் கன்னத்து வெளிறலைப் பிட்டிரியாசிஸ் ஆல்பா (கெடுதலற்ற தேமல்) என்று சொல்லி முடித்துவிடும். நம் ஊரில் உணர்ச்சி சோதிக்காமல் எந்த வெளிறலையும் விடக்கூடாது. பஞ்சு நுனி, முழங்கை நரம்பைத் தொட்டுப் பார்ப்பது, இவ்வளவுதான் வேண்டும். முகத்தில் நரம்புகள் செறிந்திருப்பதால் தொழுநோயிலும் அங்கே உணர்ச்சி எளிதில் குறைந்து தெரியாது; "முகத்தில் உணர்ச்சி இருக்கிறது, ஆகவே தொழுநோய் இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது. இதைச் சொல்லும் நூலே நமக்கு உசாத்துணை.

பாளை_சித்தா:

மேலே டாக்டர் சொன்னது அத்தனையும் சரி. ஒருங்கிணைந்த பக்கத்துக்கு வருகிறேன்.

ஆங்கிலத்தில் 'இன்டெக்ரேட்டிவ் டெர்மட்டாலஜி' என்ற பெயரில் இரண்டைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு 2014-ல் ஆண்ட்ரூ வைல் (Weil) பெயரிலான நூல்வரிசையில் வெளியிட்டது ஒன்று. நார்மன், ஷெனஃபெல்ட், ருபானி மூவரும் தொகுத்தது. மற்றது ருபானியும் பீட்டர் லியோவும் தொகுத்து ஸ்பிரிங்கர் 2021-ல் வெளியிட்டது. அதன் துணைத்தலைப்பைக் கவனியுங்கள்: முகப்பருவும் ரோசேசியாவும் (முகச் சிவப்பு நோய்) மட்டுமே. உங்கள் பட்டியலில் அவை இரண்டும் முதலிடத்தில் இல்லையே. ஆகவே ஆக்ஸ்ஃபோர்டு நூலை வாங்கலாம், அதுவும் இரண்டாம் கட்டத்தில். இரண்டிலும் சித்த மருத்துவத்தைத் தேடி ஏமாற வேண்டாம்.

ஒரு மூலிகை அத்தியாயத்தை எப்படி எடைபோடுவது? தாவரத்தின் இருசொற்பெயர் (அறிவியல் பெயர்), எந்த உறுப்பு, எப்படி வடித்தது, எத்தனை சதவீதம், எந்த எண்ணெயில் அல்லது களிம்பில், நாளுக்கு எத்தனை முறை, எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டார்கள், யாருக்கு என்ன கெடுதல் வந்தது. இவற்றில் பாதிகூட இல்லாமல் "மஞ்சள் அழற்சியைக் குறைக்கும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வரியை வைத்து ஒரு நோயாளிக்கு எதையும் தர முடியாது. நல்ல உதாரணம் டீ ட்ரீ எண்ணெய். 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பருநோயாளிகளிடம் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லை வழக்கமான பரு மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சல் குறைவு. இப்படி எழுதினால் நாம் அதை நோயாளிக்குச் சொல்ல முடியும்.

மாநிறத் தோலில் இன்னொரு கணக்கும் உண்டு. வெள்ளைத் தோலில் லேசான எரிச்சல் நான்கு நாளில் மறைந்துவிடும். நம் தோலில் அதே எரிச்சல் கரும்படலமாக மாதக்கணக்கில் நிற்கும், நோயாளிக்கு அதுவே புதிய நோய். ஆகவே பக்கவிளைவு "லேசானது" என்று ஒரு நூல் சொன்னால், யாருடைய தோலில் லேசானது என்று கேட்க வேண்டும். பூண்டு, எலுமிச்சை, கொடிவேலி வேர், சேராங்கொட்டை ஆகியவற்றால் வரும் புண்ணும் தீக்காயமும் பற்றி ஒரு சொல்லும் இல்லாத இயற்கை மருத்துவ நூலை அலமாரியில் ஏற்றாதீர்கள். சேராங்கொட்டை, அமெரிக்கர்கள் அஞ்சும் விஷப்படர்கொடியின் குடும்பம். அதே மாதிரியான கொப்புள ஒவ்வாமையைத் தரும்.

வெண்புள்ளிக்குக் கார்போகரிசி கொடுக்கும் இடங்களில் இது இன்னும் முக்கியம். அதில் சோரலென் இருக்கிறது. பூவாவில் இருப்பதும் சோரலென் வகைதான். பூசி வெயிலில் நின்றால் வேதனை உடனே தெரியாது. சிவப்பும் கொப்புளமும் 48 மணி நேரத்துக்குப் பிறகே முற்றும். நோயாளி முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாளும் பூசி நிற்பார். மூன்றாம் நாள் கொப்புளத்தோடு வருவார். புண்ணான இடத்தில் புதிதாக வெண்புள்ளி முளைக்கவும் கூடும். எத்தனை நிமிட வெயில், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எப்போது நிறுத்துவது என்று நிமிடக் கணக்கில் எழுதாத குறிப்பைப் பின்பற்றவே கூடாது.

சித்தப் பக்கத்தில் முதலில் முருகேச முதலியாரின் 'குணபாடம்' மூலிகை வகுப்பு. எந்தச் சரக்கு, என்ன சுவை, செய்கை, எதற்கு ஆகும் என்பதற்கு அது அடிப்படை. தாது வகுப்பும் வேண்டும், ஏனென்றால் பாதரசம் உள்ள ரசம், லிங்கம், ஆர்சனிக் உள்ள தாளகம், நச்சுத் தாதுக்களான பாடாணம் ஆகியவை எதில் சேர்கின்றன என்று இரு மருத்துவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவற்றோடு இந்திய அரசின் சித்த மருந்துத் தொகுப்பும் சித்த பார்மகோப்பியாவும். முதல் வகையில் மருந்தின் சரக்கு அளவும் செய்முறையும், இரண்டாவதில் ஒவ்வொரு சரக்கையும் இனங்காணும் அடையாளமும் தரச் சோதனையும் கிடைக்கும்.

இனங்காண்பது ஏன் முக்கியம் என்பதற்கு வெட்பாலை ஒன்று போதும். காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) வெட்பாலைத் தைலம் எல்லாருக்கும் தெரியும். வெட்பாலை என்பது ரைட்டியா டிங்க்டோரியா. அதோடு குழப்பிக்கொள்ளப்படுவது குடசப்பாலை, அதாவது ஹோலரீனா. இரண்டின் விதைக்கும் சந்தையில் பெயர்க் குழப்பம் நெடுநாளாக இருக்கிறது. சரியான வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் சில நாட்களில் எண்ணெய் ஊதாச் சிவப்பாக மாறும். மாறாவிட்டால் இலையைச் சந்தேகியுங்கள். இலையில் ஈரம் தங்கிவிட்டால் எண்ணெய் கலங்கி, சிக்கடிக்கும். அதை நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. வெயிலுக்கு வைக்க நேரமில்லை என்று அடுப்பில் காய்ச்சினால் கிடைப்பது வேறு தைலம்.

உலோகம் பற்றிய கேள்வியில் மழுப்புகிற நூல் யாருக்கும் பயன்படாது. 2008-ல் அமெரிக்காவில் இணையம் வழி விற்கும் 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 20.7 சதவீதத்தில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. நம் அரசு ஏற்றுமதி மூலிகை மருந்துகளுக்கு வைத்த உச்ச அளவு ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). நீண்டநாள் ஆர்சனிக் உட்கொண்டவரின் தோலில் கருமையினூடே மழைத்துளி தெறித்தது போல் வெள்ளைப் புள்ளிகள் வரும், உள்ளங்கையில் ஆணி போன்ற தடிப்புகள் வரும், பல ஆண்டு கழித்துத் தோல் புற்றும் வரலாம். அந்தப் படம் உங்கள் அலமாரியில் ஏதாவது ஒரு நூலில் இருந்தே ஆக வேண்டும். தோல் மருத்துவரும் சித்த மருத்துவரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேச முடியும்.

கடைசியாக ஒன்று. நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் எடுத்துக்கொண்டிருக்கும் சோரியாசிஸ் நோயாளிக்குப் பேதி மருந்து கொடுத்து உடல் நீர் வற்றினால் மெத்தோட்ரெக்சேட் ரத்தத்தில் தேங்கி நச்சாகும். வாய்வழி ஸ்டீராய்டைப் பட்டென்று நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறினால் உடம்பு முழுக்கச் சீழ்ப்பொரி கிளம்பலாம். "எதைத் தொடர்வது, எதை எப்படிக் குறைப்பது" என்ற அத்தியாயம் இல்லாத நூல், பெயரில் மட்டுமே ஒருங்கிணைந்தது.

மருந்துமேசை:

மருந்தாளுநர் கையில் எடுக்கும் நூலுக்கு வேறு சோதனைகள் உண்டு. களிம்பின் அளவை விரல் நுனி அலகில் சொல்கிறதா? பெரியவரின் ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ 0.5 கிராம், அது இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்குப் போதும். சன்ஸ்கிரீனுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில்தான் எஸ்.பி.எஃப். சோதிக்கப்படுகிறது. பாதி பூசுகிறவருக்குப் போத்தலில் எழுதிய பாதுகாப்பு கிடைக்காது.

எண்ணெய்கள் பற்றிய பகுதியையும் பாருங்கள். "எல்லா எண்ணெயும் ஈரப்பதம் தரும்" என்ற வரியோடு முடித்திருந்தால் விட்டுவிடலாம். 2014-ல் பிலிப்பைன்ஸில் லேசான முதல் நடுத்தரக் கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் பச்சைத் தேங்காய் எண்ணெயையும் மினரல் எண்ணெயையும் 8 வாரம் ஒப்பிட்டார்கள். தேங்காய் எண்ணெயில் தீவிர மதிப்பெண் சுமார் 68 சதவீதம் குறைந்தது, மற்றதில் 38. இது நம்பிக்கை தரும் ஆதாரம். ஆனால் அதே தேங்காய் எண்ணெயைத் தலையில் பொடுகும் செதிலும் உள்ளவருக்குத் தடவினால், அங்கே வாழும் மலசேசியா பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலம் உணவாகும். ஆலிவ் எண்ணெயில் ஒலியிக் அமிலம் மிகுதி. அது தோல் தடுப்பைத் தளர்த்துவதாக 2013-ல் வந்த ஆய்வு காட்டியது. கடுகெண்ணெய் கைக்குழந்தைக்கு எரிச்சல் தரலாம். எண்ணெய்க்கு எண்ணெய், இடத்துக்கு இடம் பிரித்து எழுதிய நூலே வேண்டும்.

டீ ட்ரீ எண்ணெய் வைத்திருப்பவர்கள் திறந்த தேதியைப் புட்டியில் எழுதுங்கள். காற்றும் ஒளியும் பட்டால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாக மாறும். புதிய எண்ணெயில் பிரச்சினை இல்லாதவர்க்குப் பழையதில் வருவது இதனால்தான்.

இன்னொன்றையும் நூல்கள் சொல்ல வேண்டும், நாம் கவுன்டரில் நின்று சொல்ல வேண்டும்: "மூலிகை" என்று எழுதிய கிரீம் மூன்றே நாளில் அரிப்பை முழுக்க நிறுத்தினால், நிறுத்தியதும் இரட்டிப்பாகத் திரும்பினால், உள்ளே ஸ்டீராய்டு இருக்கக்கூடும். 1999-ல் லண்டனில் சோதித்த 11 சீன மூலிகைக் கிரீம்களில் 8-ல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. வெளுப்பாக்கும் கிரீமில் பாதரசம் இருந்தால் தோலோடு நிற்காது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல் அத்தகைய கிரீம்களைப் பயன்படுத்தியவர்களிடம் சிறுநீரில் புரதம் ஒழுகும் மெம்பரேனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. முகம் வெளுத்து, கால் வீங்கி வருகிறவரிடம் என்ன கிரீம் என்று கேட்பது அலமாரியில் எழுதி ஒட்டத் தக்கது.

பாளை சாருக்கு ஒரு சேர்க்கை: குப்பைமேனியை உள்ளுக்குக் கொடுக்குமுன் சிவப்பணுவைக் காக்கும் நொதியான ஜி6பி.டி. குறைபாடு உண்டா என்று கேளுங்கள். உட்கொண்டவர்களுக்கு ரத்தச் சிவப்பணுச் சிதைவு வந்தது இலங்கையிலிருந்து பதிவாகியிருக்கிறது. வெளிப்பூச்சுக்கும் உள்மருந்துக்கும் எச்சரிக்கையைத் தனித்தனியாக எழுதிய நூலை நம்பலாம்.

செங்காந்தள்:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். புதிய தைலமோ கிரீமோ கொடுக்குமுன் ஒவ்வாமை சோதிக்க நூல்கள் சொல்வது எல்லாம் "சிவப்பு வருகிறதா" என்றுதான் இருக்கிறது. மாநிறத்தில் அதை எப்படிப் படிப்பது? இரண்டாவது, நம் நோயாளிகளின் படங்களையே ஒரு தொகுப்பாக வைத்துக்கொள்ளலாமா?

தோலும்_நிறமும்:

வீட்டில் செய்யும் எளிய சோதனை: முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே 3 சென்டிமீட்டர் வட்டத்தில் நாளுக்கு இரண்டு முறை, குறைந்தது 7 நாள், முடிந்தால் 14 நாள் பூச வேண்டும். ஒரே நாள் தடவிப் பார்த்துச் சரி என்று விடுவது பயனற்றது. பல ஒவ்வாமைகள் சில நாள் கழித்தே கிளம்பும். கழுவிவிடும் சோப்பை, ஷாம்பூவை இப்படிச் சோதிக்கக் கூடாது. கார்போகரிசி போன்ற ஒளிவினைப் பொருளையும் கூடாது.

மருத்துவமனையில் ஒட்டுப்பட்டை (பேட்ச்) சோதனை செய்தால், ஒவ்வாமைப் பொருள்களின் தொகுப்பான இந்திய ஸ்டாண்டர்ட் சீரிஸ் வாங்குங்கள், அதில் பார்த்தீனியம் இருக்கிறது. 48 மணி நேரம் ஒட்டியிருக்கட்டும். எடுத்து அரைமணி கழித்து ஒருமுறை, 96 மணியில் ஒருமுறை படியுங்கள். மாநிறத்தில் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் சின்னப் பொரிகளின் நிழல் விழும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள்: தடிப்பு உணர்ந்தால் அது பாசிட்டிவ், சிவப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். தடிப்பே இல்லாத கரும்பட்டை மட்டும் இருந்தால் பெரும்பாலும் பட்டையின் அழுத்தமோ எரிச்சலோதான். குறித்த மையை நோயாளி தேய்த்துக் கழுவிவிடாதபடி சொல்லி அனுப்புங்கள். கருந்தோலில் சாதாரண மை தெரியாது, ஊதா ஜென்ஷியனோ ஒளிரும் மையோ வேண்டும்.

சொந்தப் படத்தொகுப்பு கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வெளிநாட்டு அட்லஸையும்விட அது உங்களுக்கு உதவும். போன் கேமரா தானாகவே கருந்தோலை வெளிச்சமாக்கிவிடும், ஊதா போய் இளஞ்சிவப்பாகும். ஆகவே எக்ஸ்போஷரைக் கையால் பூட்டி, சாம்பல் அட்டை ஒன்றை ஓரத்தில் வைத்து எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், எண்ணெய்ப் பளபளப்பு செதிலை மறைக்கும். வடக்கு ஜன்னல் ஒளி நல்லது. பின்னணிக்கு மங்கிய நீலத்துணி. இடத்தைக் காட்டும் தூரப்படம் ஒன்று, நடுத்தூரம் ஒன்று, அளவுகோல் வைத்த கிட்டப்படம் ஒன்று. சிகிச்சைக்கு முன்னும், 4 வாரத்திலும், கருமை தேய்ந்த பிறகும் எடுத்தால்தான் அடுத்த நோயாளிக்கு "இவ்வளவு மாதம் ஆகும்" என்று காட்ட முடியும். எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். மருத்துவமனைக்குள் கற்பிக்க மட்டுமா, வெளியிடவுமா என்பதற்குத் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். கண்ணைக் கறுப்புப் பட்டையால் மறைத்தால் அடையாளம் மறையும் என்பது தவறு. மச்சம், பச்சை குத்தியது, நகை எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் இருந்தால் உதய் கோப்கரின் 'டெர்மாஸ்கோப்பி அண்ட் ட்ரைகோஸ்கோப்பி இன் டிசீசஸ் ஆஃப் த பிரவுன் ஸ்கின்' (ஜேபி, 2012) அதற்குத் துணை. இந்தியத் தோலிலேயே எடுத்த படங்கள். கருவி இல்லாமல் இந்த நூலை மட்டும் வாங்க வேண்டாம்.

படர்தாமரை_கவனம்:

எல்லாரும் நல்ல நூல்களைச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் கேட்டவரின் பட்டியலில் முதலில் நிற்பது ஸ்டீராய்டால் கெட்ட படர்தாமரை. அதில் அச்சு நூல் சீக்கிரம் பழசாகிறது. இந்தியாவில் பரவியிருக்கும் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்ற இனத்துக்கே 2020-ல்தான் பெயர் வந்தது. அது பல இடங்களில் பூஞ்சை மருந்தான டெர்பினஃபினுக்கு அடங்குவதில்லை. ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் மரபணுவில் மாற்றம்தான் காரணம். "டெர்பினஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று, இரண்டு வாரம்" என்று மட்டும் எழுதிய அத்தியாயத்தை வைத்து இன்று சிகிச்சை செய்தால் பாதியில் திரும்ப வரும், நோயாளி மருந்துக்கடையில் ஸ்டீராய்டு உட்பட மூன்று மருந்து கலந்த கிரீமை வாங்கிப் போடுவார், விளிம்பு மங்கி நோயே உருமாறிவிடும். 2018-ல் அரசு 14 பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு கட்டாயமான ஷெட்யூல் எச்-க்குள் கொண்டுவந்த பிறகும் சீட்டு இல்லாமல் விற்பனை நின்றபாடில்லை.

ஆகவே பூஞ்சை அத்தியாயத்துக்கு மட்டும் ஐ.ஏ.டி.வி.எல். சங்கத்தின் ஆய்விதழான ஐ.ஜே.டி.வி.எல். இதழை ஒட்டிப் படியுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்டுக்கு இருமுறை யாராவது ஒருவர் உட்கார்ந்து, எந்தப் பத்தி மாறியிருக்கிறது என்று பென்சிலால் குறித்து, தேதியோடு ஒரு துண்டுச்சீட்டை அந்தப் பக்கத்தில் செருகி வைக்க வேண்டும். சீட்டில் மருந்து, அளவு, காலம், ஈரல் சோதனை எப்போது என்ற நான்கும் இருக்கட்டும். உருமாறிய படர்தாமரைக்குச் சுரண்டி எடுத்து கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) இட்டு நுண்ணோக்கியில் பார்க்கும் முறையையும் எழுதுங்கள்: ஓரத்திலிருந்து சுரண்டுவது, 10 முதல் 20 சதவீதக் கரைசல், சற்றுப் பொறுத்துக் கண்ணாடி வில்லையை அழுத்திப் பார்ப்பது. ஸ்டீராய்டு போட்ட தோலில் பூஞ்சை அதிகமாகவே தெரியும்; ஆகவே தெளிவில்லாத விளிம்பைப் பார்த்துக் கரப்பான் என்று சொல்லுமுன் இந்தச் சோதனை.

20,000-ஐப் பிரிக்கும் வழி: ஐ.ஏ.டி.வி.எல்., குணபாடம் இரு வகுப்பு, சித்த மருந்துத் தொகுப்பு முதலில். மிஞ்சினால் டெய்லர்–கெல்லி. ஆக்ஸ்ஃபோர்டு நூல் அடுத்த ஆண்டுக்குப் போகட்டும். பாளை சார் சொன்ன கேள்விகளை அதுவரை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள், இணையத்தில் படிக்கும் எந்தக் கட்டுரைக்கும் அதே கேள்விகள் பொருந்தும்.

பாளை_சித்தா:

குணபாடத்தில் மறுபதிப்புக்கு மறுபதிப்பு அச்சுப்பிழை உண்டு, அளவுகளில் கவனம். ஒரு சரக்கின் எடை சந்தேகமாக இருந்தால் சித்த மருந்துத் தொகுப்போடு ஒப்பிட்டுத் திருத்தி, திருத்தியவர் பெயரோடு ஓரத்தில் எழுதுங்கள். வராகனெடை, பலம் போன்ற பழைய அளவுகளை எந்த வாய்ப்பாட்டின்படி கிராமுக்கு மாற்றினீர்கள் என்பதையும் முதல் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். இரண்டு பேர் இரண்டு வாய்ப்பாட்டில் மாற்றினால் ஒரே தைலம் இரண்டு வீரியத்தில் வரும்.